மோட்ல அலங்கார ஷேப்புக்கு ட்ரான்ஸ்பரன்ஸி வைக்கிறது எப்படி

பூ, வளையம், பார்டர்னு எதையாவது கேம் மோட்ல (கேமை நம்ம இஷ்டத்துக்கு மாத்த நாமளே சேர்க்குற ஃபைல்) சேர்த்துட்டு கலர் ரொம்ப அடிக்குதேன்னு ஆல்ஃபாவை, அதாவது ஷேப் எவ்வளவு அழுத்தமா தெரியணும்ங்கிற நம்பரை, குறைப்போம், ஒத்தை ஷேப்னா அதோட வேலை முடிஞ்சுது, நாலு ஷேப் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற இடத்துல தான் வினையே.

மொதல்ல நம்பர். ஆல்ஃபா 0ன்னா கண்ணுக்கே தெரியாது, 255ன்னா முழு கலர், 128 பாதி. சில கேம் 0லேர்ந்து 1 வரைக்கும் கேக்கும், அங்க 0.5. ஹெக்ஸ்ல, அதாவது கலரை 16 அடிப்படை எண்ணுல எழுதுற முறையில, பாதிக்கு 80 (80 பர்சன்ட்னு நினைச்சுடாதீங்க, நான் நினைச்சேன்). இந்த 80 கலர் கோடுக்கு (code) முன்னாடி வரணுமா கடைசியில வரணுமாங்கிறது கேமுக்கு கேம் மாறும். பச்சைக்கு கோடு 009933, பாதி பச்சை வேணும்னு 00993380 குடுத்தேன், கேம் முதல் 00வை ஆல்ஃபான்னு எடுத்துக்கிச்சு, ஷேப்பே காணோம், ஃபைல் பாத் தான் தப்போன்னு ஒரு சாயங்காலம் பூரா தேடுனேன். 80009933ன்னு மாத்துனதும் வந்துடுச்சு.

இப்போ பூ. ஆறு இதழையும் தனித்தனியா 50% வச்சா, ரெண்டு இதழ் ஏறுற இடம் 75% ஆயிடும், மூணு ஏறுனா 87.5%, நடுவுல அழுக்கு படிஞ்ச மாதிரி ஒரு திட்டு தெரியும். இதழ் எல்லாத்தையும் முழு கலர்லயே வரைஞ்சு, மெர்ஜ் பண்ணி ஒரே ஷேப்பா ஆக்கிட்டு, அப்புறமா மொத்தத்துக்கும் ஒரே தடவை ஆல்ஃபா குறைங்க. அந்த திட்டே ஒரு டிசைனா நல்லா இருக்குன்னா விட்டுடுங்க, கண்ணாடி மாதிரி பூவுக்கு எனக்கு அது தான் பிடிக்கும்.

டெக்ஸ்சரா (ஷேப் மேல ஒட்டுற படமா) போடுறீங்கன்னா ஜேபிஜி வேண்டாம், அதுல ஆல்ஃபாவே கிடையாது, பிஎன்ஜி எடுங்க. டிடிஎஸ்ங்கிற பட ஃபைல் கேக்குற கேம்னா டிஎக்ஸ்டி5ங்கிற கம்ப்ரெஷன்ல சேவ் பண்ணுங்க, டிஎக்ஸ்டி1ல ஒரு பிக்சல் ஒண்ணு முழுசா தெரியும், இல்லேன்னா தெரியவே தெரியாது, நடுவுல எதுவும் இல்ல, மெதுவா மங்குற ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு பல்லு பல்லா நிக்கும்.

ஓரத்துல மெல்லிசா கறுப்பு கோடு வருதா? கண்ணுக்கு தெரியாத பிக்சலுக்கும் உள்ள ஒரு கலர் இருக்கு, பெரும்பாலும் கறுப்பு, கேம் டெக்ஸ்சரை ஸ்மூத் பண்றப்போ அது வெளிய கசியுது. அந்த வெத்து இடத்தையும் ஷேப்போட கலராலயே நிரப்பி, ஆல்ஃபா மட்டும் 0வா வைங்க, கோடு போயிடும்.