எந்தக் கரையில் மிதிப்பது?

டான்யூப் ஆற்றின் கரையோரம் சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்றுதான் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். எந்தக் கரையில் போகப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆஸ்திரியாவின் வாஹாவ் பள்ளத்தாக்கில், மெல்க் முதல் கிரெம்ஸ் வரை, இரு கரையிலும் சைக்கிள் பாதை உண்டு. மொத்தமே 40 கிலோமீட்டருக்குள்தான். மூட்டை முடிச்சோடு வந்தாலும் மூன்று மணி நேரத்தில் ஓட்டிவிடலாம். ஆனால் அவசரப்படாமல் ஒரு முழு நாளை இதற்குக் கொடுங்கள்.

முதலில் பைகளைச் சரிபாருங்கள். என் முதல் பயணத்தில் கனமான சாமான் எல்லாவற்றையும் இடப்பக்கப் பையில் திணித்துவிட்டேன். ஒரு சரளைக்கல் வளைவில் சைக்கிள் சாய்ந்து முழங்கை சிராய்ந்தது. இப்போதெல்லாம் இரண்டு பைகளையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்து, எடை ஒத்து வந்த பிறகுதான் கேரியரில் மாட்டுகிறேன். மழைச் சட்டை மேலாக இருக்கட்டும். மறுநாள் ஞாயிறு என்றால் ரொட்டியும் சீஸும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிறன்று கடைகள் அநேகமாக மூடியிருக்கும்.

மெல்க்கில் பாலம் ஏறி வடகரைக்குப் போங்கள். தெற்கு வெயில் நேராக விழும் கரை அது. திராட்சைத் தோட்டங்களைத் தாங்கும் கல் அடுக்குச் சுவர்கள் மதியத்துக்குள் அனலாகிவிடும். அதனால் காலையிலேயே அந்தப் பக்கத்தை முடித்துக்கொள்வது உடம்புக்கு நல்லது. வழியில் வில்லென்டார்ஃப் வரும். 1908-இல் கையடக்கமான ஒரு கற்காலப் பெண் சிலை கிடைத்த ஊர். கப்பல்களுக்காகக் கரையில் நட்டிருக்கும் கிலோமீட்டர் எண் பலகைகளையும் கவனியுங்கள். ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து எண்ணுவதால், நாம் போகப் போக எண் குறையும். மெல்க் அருகே 2036. கழித்துப் பார்த்தால் வந்த தூரம் தெரிந்துவிடும்.

ஸ்பிட்ஸ் ஊரில் படகேறித் தென்கரைக்குக் கடக்க வேண்டும். சில்லறை கையில் இருக்கட்டும். அந்தப் படகில் இன்ஜின் கிடையாது. ஆற்றுக்கு மேலே குறுக்காகக் கட்டிய இரும்புக் கம்பியோடு அது பிணைக்கப்பட்டிருக்கிறது. படகோட்டி நீரோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்பியதும், தண்ணீரே அதைத் தள்ளிக்கொண்டு அக்கரை சேர்க்கிறது. மெல்க் அணைக்குக் கீழே கிரெம்ஸ் வரை வேறு அணை இல்லாததால்தான் ஆற்றுக்கு இந்த இழுப்பு. பிரேக்கைப் பிடித்தபடி பேசாமல் நில்லுங்கள். பலகையில் தண்ணீர் அறையும் சத்தமும், கம்பியில் உருளை உருளும் முனகலும் மட்டும் கேட்கும். ஆறு எவ்வளவு பலமானது என்று எனக்குக் கால்வழியாகப் புரிந்தது அங்கேதான்.

தென்கரை முழுக்க ஆப்ரிகாட் மரங்கள். ஜூலையில் போனால் பழமாகவே வாங்கலாம். முழுப் பழத்தை மாவுக்குள் பொதித்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டித் தருவார்கள். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இன்னும் மிதிக்க வேண்டும்.

ரோசாட்ஸ் வந்ததும் இறங்கிவிடுங்கள். எதிரே டூர்ன்ஸ்டைன். நீல நிறக் கோபுரம், அதற்கு மேலே இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192-இல் சிறைவைத்த கோட்டையின் இடிபாடு. வடகரையிலேயே வந்திருந்தால் அந்த ஊருக்குள் புகுந்து வெளியேறியிருப்பீர்கள். இப்படி முழுசாகப் பார்த்திருக்க முடியாது. நான் இங்கே ஒரு மணி நேரமாவது உட்காருவேன். பிறகு மவுட்டர்ன் வரை மிதித்துப் பாலம் கடந்தால் கிரெம்ஸ். இருட்டுவதற்குள் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள்.