பெங்களூர் டு தூத்துக்குடி: பிளைட் தூரமும் நேரமும் நாமளே கணக்கு போடுறது எப்படி

"ஒரு மணி நேரந்தானல, பதினோரு மணி பிளைட்னா பன்னெண்டரைக்கு சோறு எடுத்து வைக்கேன்"னு அம்மா போன்ல சொன்னாங்க, நான் திருச்செந்தூர் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டும்போது மணி ரெண்டு, மீன் குழம்பு ஆறிப்போய் ஏடு கட்டிருச்சு. அதுல இருந்துதான் இந்தக் கணக்கு.

முதல்ல ஏர்போர்ட் கோடு. பெங்களூருக்கு பி.எல்.ஆர், தூத்துக்குடிக்கு டி.சி.ஆர். இதைக் கவனமா பாருங்க, ஏன்னா டி.ஆர்.வி திருவனந்தபுரம், டி.ஆர்.இசட் திருச்சி, அவசரத்துல மாத்தி அடிச்சா எங்கயோ போய் இறங்கணும்.

அடுத்து கம்ப்யூட்டர்ல கூகுள் மேப்பைத் திறந்து, ஏர்போர்ட் மேல ரைட் கிளிக் பண்ணுங்க, மேலயே ரெண்டு நம்பர் வரும், முதல் நம்பர் அட்சரேகை, ரெண்டாவது தீர்க்கரேகை. பெங்களூர் ஏர்போர்ட் இருக்கிற தேவனஹள்ளிக்கு 13.20, 77.71. தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்கிற வாகைகுளத்துக்கு 8.72, 78.03.

இப்போ கழிச்சுப் பாருங்க. அட்சரேகை வித்தியாசம் 4.48, ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர், அப்போ 497. தீர்க்கரேகை வித்தியாசம் 0.32தான், நம்ம பக்கம் அதுக்கு டிகிரிக்கு 109 போட்டா போதும், 35 வருது (வடக்க போகப் போக இது சுருங்கும், டெல்லிகிட்ட 98 ஆயிரும்). ஸ்கூல்ல படிச்ச பிதாகரஸ்தான், ரெண்டையும் வர்க்கம் பண்ணி கூட்டி ரூட் எடுத்தா 498. கணக்கே வேண்டாம்னா அதே ரைட் கிளிக்ல 'மெஷர் டிஸ்டன்ஸ்' இருக்கு, அதுவும் 500க்குப் பக்கத்துலதான் காட்டும். மேப்கிட்ட போற வழியைக் கேட்டுறாதீங்க, அது சேலம் மதுரைன்னு ரோட்டைச் சுத்தி 600 பக்கம் சொல்லும்.

நேரத்துலதான் எல்லாரும் ஏமாறுறது. இந்த மாதிரி ரூட்ல ஓடுற ஏடிஆர், அதான் காத்தாடி வச்ச சின்ன பிளேன், பின்வாசல் வழியா ஏறுவோமே அது, மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் போகும். அப்போ ஒரு மணி நேரம்தானேன்னு தோணும், ஆனா அந்த வேகம் மேல போய் நேரா பறக்கும்போது மட்டும்தான், ஏறும்போதும் இறங்கும்போதும் கம்மி, அதுபோக பெங்களூர்ல நின்ன இடத்துல இருந்து ரன்வே வரைக்கும் உருண்டுகிட்டே போகணும், முன்னாடி நாலு பிளேன் நின்னா அதுக்கும் காத்திருக்கணும். டிக்கெட்ல போடுற நேரம் பிளேன் நின்ன இடத்தை விட்டு நகர்றதுல இருந்து அங்க போய் நிக்கிற வரைக்கும். அதனால வந்த விடையோட ஒரு 25, 30 நிமிஷம் சேர்த்துக்கோங்க. ஜெட்டுன்னா 800ஆல வகுங்க, ஆனா அந்த அரை மணி அதுக்கும் உண்டு, அதான் வேகம் கூடுன அளவுக்கு டிக்கெட் நேரம் குறையாது.

கடைசியா வீட்டுக் கணக்கு. நான் இருக்கிறது எலக்ட்ரானிக் சிட்டி, தேவனஹள்ளி ஊரோட அந்தக் கோடி, டிராபிக்கோட ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்கணும். பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னாடியே செக்இன் மூடிருவாங்க, அதனால ஒன்பதரைக்கு அங்க நிக்கணும்னா காலைல ஏழுக்குக் கிளம்பணும். பன்னெண்டரைக்கு இறங்கி, பெட்டி வந்து, கார் பிடிச்சு திருச்செந்தூர் போனா ரெண்டு. மொத்தம் ஏழு மணி நேரம்! மைசூர்–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறிப் படுத்தா காலைல ஊரு, ஆனா தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்கணுமே.

இப்பல்லாம் அம்மாகிட்ட பிளைட் டைமே சொல்றதில்ல, ஒண்ணரைக்கு உலை வைம்மான்னு மட்டும் சொல்லிருவேன்.