அடிப்படைக் கடமைகள்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

"உரிமை கேட்டுக் கிளம்பிவிட்டார்கள், முதலில் கடமையைச் செய்யட்டும்." போராட்டக் களத்தின் ஓரத்திலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்திய அரசியலமைப்பைப் புரட்டிப் பார்த்தால் இந்த வாதத்துக்கு அங்கே இடமே இல்லை. கடமைகளைப் பற்றி நாம் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலாவதாகச் சொல்வேன்.

1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது அடிப்படை உரிமைகள் அதில் இருந்தன. குடிமக்களுக்கான கடமைப் பட்டியல் இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், அரசியலமைப்பு மாற்றங்களை ஆராய அமைக்கப்பட்ட ஸ்வரண் சிங் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1976-இன் 42-ஆவது திருத்தம் கடமைகளைப் பட்டியலிடும் 51ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1977 ஜனவரி 3 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கடமையைச் செய்தவருக்கே உரிமை என்றால், அதற்கு முந்தைய கால் நூற்றாண்டுக்கு மேல் மக்கள் எந்தத் தகுதியில் உரிமைகளைப் பெற்றிருந்தார்கள்? கடமை தவறுவோருக்குத் தண்டனை விதிக்க வழிசெய்ய வேண்டும் என்றும் அந்தக் குழு சொல்லியிருந்தது. நெருக்கடி நிலையில் கூடிய நாடாளுமன்றம்கூட அதை ஏற்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். உயிர் வாழும் உரிமையைத் தரும் 21-ஆவது பிரிவு இங்கே இருக்கும் எந்த மனிதருக்கும் பொருந்தும், வெளிநாட்டவருக்கும் சிறைக்கைதிக்கும்கூட. 51ஏ இந்தியக் குடிமக்களை மட்டுமே நோக்கிப் பேசுகிறது. ஒன்றை மற்றதற்கு நிபந்தனையாக்க வழியே இல்லை.

அப்படியானால் அது வெறும் அலங்காரம்தானே என்று எதிர்த்திசையில் போய்விடுபவர்களும் உண்டு. அதுவும் தவறு. கடமை தவறியதற்காக 51ஏ பிரிவை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது, உண்மை. ஆனால் ஒரு சட்டம் செல்லுமா என்று ஆராயும்போது நீதிமன்றங்கள் அந்தப் பிரிவைக் கையில் எடுக்கின்றன. 2014-இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்துத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உயிர்களிடம் பரிவு காட்ட வேண்டும் என்ற கடமையை விரிவாக எடுத்துப் பேசியது. பின்னர் ஜல்லிக்கட்டை அனுமதிக்கத் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை 2023-இல் அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்டது வேறு கதை. தவிர, கடமைகள் பலவற்றுக்குத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. பஸ் கண்ணாடியை உடைப்பவர்மீது பாய்வது 51ஏ அல்ல. பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டம்.

நாட்டுப்பண் விஷயத்தில் நடப்பது இன்னும் கவலை தருகிறது. பதினொரு கடமைகளில் முதலாவது அரசியலமைப்பையும் கொடியையும் நாட்டுப்பண்ணையும் மதிப்பது. இதைப் படித்துவிட்டு அடுத்தவரின் உதடு அசைகிறதா என்று கண்காணிப்பதைக் கடமையாக எடுத்துக்கொள்கிறார்கள். கேரளத்தில் ஒரு பள்ளியில் மூன்று குழந்தைகள் நாட்டுப்பண் ஒலிக்கும்போது எழுந்து நின்றார்கள். ஆனால் தங்கள் மத நம்பிக்கையின்படி பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்த வெளியேற்றம் செல்லாது என்றது. மரியாதையாக நின்றதே மரியாதைதான். பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது. திரையரங்குகளில் படத்துக்கு முன்பு நாட்டுப்பண் கட்டாயம் என்ற 2016-ஆம் ஆண்டு உத்தரவையும் 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே மாற்றி, திரையரங்கின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

இப்படி முதல் வரியிலேயே நின்றுவிடுவதால் மற்றவை கண்ணில் படுவதே இல்லை. மதம், மொழி, வட்டார வேறுபாடுகளைக் கடந்து சகோதர உணர்வை வளர்க்க வேண்டும், பெண்களின் கண்ணியத்தைக் குலைக்கும் பழக்கங்களைக் கைவிட வேண்டும் என்று அதே பட்டியல் சொல்கிறது. அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் கேள்வி கேட்கும் குணத்தையும் சீர்திருத்த நாட்டத்தையும் வளர்க்க வேண்டும் என்கிறது. வீட்டுக்குள் வந்து நம்மைக் கேள்வி கேட்பவை இவைதான். மாதவிலக்கு நாளில் மகளைத் தனியே உட்கார வைப்பவரும், மருமகள் வீட்டாரிடம் சீர் பேரம் பேசுபவரும் இந்தக் கடமையை மீறுகிறார்கள். ஆனால் கடமை தவறியவர் என்று அவர்களை நாம் சொல்வதில்லை. கொடிக்குச் சல்யூட் அடித்தாலே நம் பட்டியலில் தேறிவிடுகிறார்கள். கொடி விஷயத்திலேயே பாருங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்ட செய்திகள் தமிழ்நாட்டில் வந்தன. சாதிப் பாகுபாடின்றி அவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி 2022 சுதந்திர தினத்துக்கு முன்பு தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கொடிக்கயிற்றை ஒருவர் தொடக்கூடாது என்று தடுக்கிறவர் கொடியையும் மதிக்கவில்லை, அரசியலமைப்பையும் மதிக்கவில்லை.

சிறிய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தேர்வில்கூடப் பலர் இதை எழுதுகிறார்கள். வாக்களிப்பதும் வரி கட்டுவதும் 51ஏ பட்டியலில் இல்லை. வரி கட்டுவதையும் சேர்க்கச் சொன்னது ஸ்வரண் சிங் குழு, நாடாளுமன்றம் சேர்க்கவில்லை. வரி கட்டாவிட்டால் வரிச் சட்டங்கள் பார்த்துக்கொள்ளும். வாக்களிப்பது உரிமை, இந்தியாவில் அது கட்டாயமில்லை.

பதினோராவது கடமை 2002-இன் 86-ஆவது திருத்தத்தில் வந்தது: ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைக்குக் கல்வி பெறும் வாய்ப்பைப் பெற்றோரோ காப்பாளரோ தர வேண்டும். பள்ளிக்கு வராத பிள்ளையின் தாய் தகப்பனைப் பொறுப்பற்றவர்கள் என்று திட்டுவதற்கு இதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதே திருத்தம்தான் 21ஏ பிரிவையும் கொண்டுவந்தது. அந்த வயதுக் குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி தரும் பொறுப்பை அது அரசின்மேல் வைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். செங்கல் சூளையில் பருவத்துக்குப் பருவம் ஊர் மாறும் குடும்பத்திடம் கடமையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், பக்கத்துப் பள்ளி அந்தக் குழந்தையைச் சேர்த்துக்கொண்டதா என்று விசாரியுங்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. அது 14-ஆவது பிரிவு. இந்த இரண்டையும் தெரிந்துவைத்துக்கொண்டு அந்தப் பெற்றோருடன் தலைமையாசிரியர் அறை வரை போய் வர நம்மில் யாராலும் முடியும்.