ஜின் ஊறுகாய் அல்ல: வீட்டில் ஊறவைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் வாங்கிய வோட்காவில், ஜின்னுக்கு அதன் மணத்தைத் தரும் ஜூனிபர் காயும் மசாலாப் பொருள்களும் ஊறவைத்து வீட்டிலேயே ஜின் செய்வது நண்பர்கள் நடுவே வேகமாகப் பரவிவிட்டது. யார் புதிதாகத் தொடங்கினாலும் ஒரு சின்னப் பாட்டில் என்னிடமும் வந்துசேர்கிறது. வாயில் வைத்தால் ஆரம்பத்தில் நான் செய்த அதே பிழைகள், பெரும்பாலும் அதே வரிசையில். பாட்டிலைக் கழுவிக் காயவையுங்கள், மூடியை இறுக்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நல்ல சரக்கைப் பாழாக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே ஜாடியில், ஒரே நாளில் போடுவது

ஊறுகாய் போட்டுப் பழகிய வீடுகள் நம்முடையவை. ஊற ஊறத்தான் ருசி என்பது மனதில் ஊன்றிப்போயிருக்கிறது. அதனால் ஜூனிபர், தனியா, ஏலக்காய், கிராம்பு, பட்டை, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, மூடிப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

நண்பர் ஒருவர், பழைய கல்லூரிக் கூட்டாளிகள் கூடும் நாளுக்கென்று மூன்று பாட்டில் நல்ல வோட்காவை இப்படித்தான் இரண்டு வாரம் ஊறவைத்தார். ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆரஞ்சுத் தோல்கள் உள்பக்கத்து வெள்ளைச் சதையோடு அப்படியே மிதந்தன, அடியில் ஒரு கைப்பிடிக் கிராம்பு. முதல் வாய் குடித்தவர் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தார். மரத்துப்போயிருந்தது. கிராம்பில் உள்ள யூஜினால் செய்யும் வேலை அது. பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைப்பதும் அதற்காகத்தான். அதன் பின்னாலேயே தோலின் கசப்பு தொண்டைவரை இறங்கியது. சர்க்கரைப் பாகு சேர்த்தார்; இனிப்பும் கசப்பும் தனித்தனியாக நின்றன. டானிக் என்கிற கசப்புச் சோடாவை ஊற்றினார், அதிலிருக்கும் குவினைன் என்ற கசப்புப் பொருள் வேறு கசப்பைக் கூட்டிவிட்டது. கடைசியில் மூன்று பாட்டிலும் சமையலறைத் தொட்டியில் போயின. எனக்கு இன்றும் ஆறவில்லை. வோட்காவில் குறையில்லை, ஜூனிபர் அருமையான சரக்கு. நேரக் கணக்கு ஒன்று தப்பியதில் அத்தனையும் போனது.

ஏன் இப்படி ஆகிறது? வாசனை எண்ணெய்கள் ஆல்கஹாலில் சீக்கிரம் கரைந்து வந்துவிடும். தோலிலும் பட்டையிலும் இருக்கிற துவர்ப்பும் கசப்பும் மெதுவாக, ஆனால் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். முதல் நாளிலேயே வாசனையில் பெரும்பங்கு கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஜாடியில் சேர்வதில் பெரும்பகுதி நமக்கு வேண்டாதது.

இன்னொரு காரணமும் உண்டு. கடை ஜின் பாட்டிலில் அச்சிட்ட பட்டியலைப் பார்த்து அப்படியே செய்ய நினைக்கிறார்கள். பாம்பே சஃபையரில் பத்துப் பொருள்கள்: ஜூனிபர், தனியா, பட்டை, அதிமதுரம், வால்மிளகு என்று போகிறது. அங்கே அந்தப் பொருள்கள் திரவத்தில் கிடந்து ஊறுவதில்லை. ஆல்கஹால் ஆவி அவை இருக்கும் கூடைகளின் வழியாகப் போகும்போது வாசனையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பாத்திரத்திலேயே ஊறவைத்து வடிக்கும் ஜின்களிலும் ஆவியாகி மேலே வருவதுதான் பாட்டிலுக்குப் போகிறது; நிறமும் துவர்ப்பும் அடியிலேயே தங்கிவிடும். இலங்கையின் கொலம்போ நம்பர் 7 ஜின்னில் பட்டை, இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் உண்டு. அதுவும் வடித்தெடுத்த சரக்கு. நம் ஜாடியில் அப்படி ஆவியாக்கி வடிப்பது கிடையாது. போட்டது முழுவதும் குடிக்கிற தம்ளருக்கு வந்துசேரும். அதனால் வடித்த ஜின்னின் பட்டியலை நம் ஜாடிக்குள் கொண்டுவந்தால் அளவும் நேரமும் பாதிக்கும் கீழே இறங்க வேண்டும்.

நான் செய்கிற முறை இது. 750 மில்லி வோட்காவுக்கு 15 கிராம் ஜூனிபர், ஒரு தேக்கரண்டி தனியா. இரண்டையும் உரலில் ஒரே ஒரு தட்டு தட்டினால் போதும், பொடிக்கக் கூடாது. 24 மணி நேரம் வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு ஏலக்காய், விரல் நீளத்துக்குச் சுருள்பட்டை. மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த பட்டை வேண்டாம், அதன் காரம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கடைசி ஆறு மணி நேரத்துக்குத் தோல். காய்கறி சீவும் கருவியால் மேல்தோலை மட்டும் எடுத்து, உள்பக்கம் வெள்ளை தெரிந்தால் கத்தியைப் படுக்கவைத்துச் சுரண்டிவிட வேண்டும். ஆரஞ்சுக்குப் பதில் நார்த்தங்காய்த் தோல் போட்டுப் பாருங்கள், அதன் மணம் ஜூனிபரோடு நன்றாகச் சேர்கிறது. கிராம்பு ஒன்றே ஒன்று. இல்லாமல் இருந்தாலும் நல்லதுதான்.

கடிகாரத்தை மட்டும் நம்பவும் கூடாது. தோல் போட்ட பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி எடுத்து, அதே அளவு தண்ணீர் கலந்து ருசித்துப் பாருங்கள். தண்ணீர் கலக்காமல் பார்த்தால் ஆல்கஹாலின் எரிச்சலில் கசப்பு தெரியாது. முதல் தடவை செய்பவர்களுக்கு இன்னும் பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு பொருளையும் 100 மில்லியில் தனித்தனியாக ஊறவைத்து, பிடித்த விகிதத்தில் பிறகு கலந்துகொள்வது. ஒன்று கெட்டாலும் 100 மில்லியோடு போகும்.

ஏற்கெனவே கசந்துவிட்டதா? வடிகட்டி, புது வோட்கா சேர்த்து நீர்க்கவைப்பதைத் தவிர உருப்படியான வழி இல்லை. கரி போட்டு வடிகட்டினால் வாசனையும் சேர்ந்து போய்விடும்.

பச்சை இலைகளை மறந்துவிடுவது

கறிவேப்பிலை, துளசி, எலுமிச்சைப்புல் இவற்றுக்கு நாள் கணக்கே இல்லை, மணிக் கணக்குதான். கறிவேப்பிலையை இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். ஒரு நாள் கிடந்தால் இலை பழுப்பாகும், வைக்கோல் வாடை வரும்.

சங்குப்பூவை முதலிலேயே போடுவது

நிறத்துக்காகப் போடுகிற பூ அது. ஊறவைத்து வடிகட்டிய பிறகு எட்டுப் பத்து காய்ந்த பூ, ஒரு மணி நேரம், அவ்வளவுதான். எலுமிச்சைச் சாறு பட்டால் நீலம் ஊதாவாக மாறும். விருந்தாளி கண்முன் அது நடக்க வேண்டுமானால் சாற்றைக் கடைசியில் ஊற்றுங்கள்.

அடுப்பில் வைத்துச் சூடாக்குவது

கூடவே கூடாது. 40 சதவீத ஆல்கஹாலின் ஆவி சுமார் 26 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது. நம் ஊர்ச் சமையலறை பெரும்பாலும் அதைவிடச் சூடு.

வீட்டில் காய்ச்சி வடித்தெடுக்க முயல்வது

சட்டவிரோதம். ஊறவைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கண்ணில் பட்ட செடியையெல்லாம் பறிப்பது

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அழகான பூ என்று ஒருவர் அரளியைக் கையில் எடுத்து, போடலாமா என்று என்னிடம் கேட்டார். அரளி இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. ஆல்கஹால் நஞ்சை முறிக்காது, அதைக் கரைத்துக் கையில் கொடுக்கும். ஜூனிபரிலும் எல்லா வகையும் உண்ணத் தக்கதல்ல. சபைனா என்ற வகை நச்சு. அலங்காரச் செடியில் பறிக்காமல், சமையலுக்கென்று விற்கும் காயையே வாங்குங்கள். குவினைன் தரும் சின்கோனா மரப்பட்டையை வாங்கி வீட்டிலேயே டானிக் காய்ச்சுவதும் வேண்டாம். குவினைன் எவ்வளவு இறங்கியது என்று அளக்க நம்மிடம் வழியில்லை; கூடினால் காதில் இரைச்சல், தலைசுற்றல், பார்வைக் கோளாறு வரை போகும். கடை டானிக்கில் அளவுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

கொஞ்சமாக ஐஸ் போடுவது

ஐஸ் அதிகமானால் தண்ணீராகிவிடும் என்று பயந்து இரண்டு கட்டி போடுகிறார்கள். அந்த இரண்டும் உடனே உருகி, சூடும் குறையாமல், தண்ணீரும் கூடிவிடும். தம்ளர் நிறையப் பெரிய கட்டிகளாகப் போட்டால்தான் உருகுவது மெதுவாகும். 50 மில்லி ஜின்னுக்கு 100 முதல் 150 மில்லி டானிக், அதுவும் அப்போது திறந்த குளிர்ந்த பாட்டிலிலிருந்து.

அப்புறம், சாறு சேர்கிற காக்டெயிலைக் குலுக்க வேண்டும். நெக்ரோனி மாதிரி மது மட்டும் சேர்வதைக் கரண்டியால் கலக்க வேண்டும். நெக்ரோனிக்கு ஜின், காம்பாரி என்ற மது, இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) மூன்றும் சம அளவு. காம்பாரியே கசப்பு என்பதால், தோல் குறைவாகப் போட்ட ஜின்னையே அதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் எலுமிச்சைச் சாறு

வேண்டாம். பழத்தைப் பிழியுங்கள்.

கலங்கிவிட்டதென்று கொட்டுவது

ஊறவைத்த ஜின் இளமஞ்சளாகவோ தேன் நிறத்திலோ இருக்கும்; அது குறையல்ல. முதலில் தேநீர் வடிகட்டியிலும், பிறகு காபி வடிக்கும் தாளிலும் வடித்தால் துகள் போய்விடும், நிறம் போகாது. டானிக் ஊற்றும்போதோ ஃப்ரிட்ஜில் வைத்த பிறகோ பால் படர்ந்ததுபோல் லேசாகக் கலங்குவதைப் பார்த்தும் பயப்படுகிறார்கள். ஆல்கஹாலில் கரைந்திருந்த ஜூனிபர் எண்ணெய், தண்ணீர் கூடும்போதும் குளிரும்போதும் நுண்துளிகளாகப் பிரிவதால் வரும் கலங்கல் அது. ருசிக்கு ஒன்றும் ஆகாது, தாராளமாகக் குடிக்கலாம்.