ஒரு வருடத்தைத் தொகுத்து வைப்பது எப்படி: 2024-ஐ முன்வைத்து

தில்லி மயூர் விஹாரில் நாங்கள் முப்பது தமிழ்க் குடும்பங்கள் பொங்கல் கழிந்த ஞாயிறன்று ஒன்றுகூடுவோம். பிள்ளைகளின் பாட்டு, சாப்பாடு எல்லாம் முடிந்ததும் போன வருடம் உலகத்தில் என்ன நடந்தது, யார் யார் நம்மை விட்டுப் போனார்கள் என்று ஒருவர் எழுந்து வாசிப்பார். அதைத் தொகுக்கும் வேலை சில வருடங்களாக என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் குடியிருப்பிலோ சங்கத்திலோ நீங்களும் இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். அதற்காகத்தான் 2024-ஐத் தொகுத்தபோது கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மாதத்துக்கு மூன்று பக்கம் ஒதுக்கி, ஜனவரியிலிருந்தே எழுதிக்கொண்டு வாருங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் டிசம்பர் மட்டும்தான் நிற்கும். 2024 டிசம்பரே அதற்குச் சாட்சி: 3-ஆம் தேதி தென்கொரியாவில் ராணுவச் சட்டம் அறிவித்து சில மணி நேரத்தில் திரும்பப் பெற்றார்கள், 8-ஆம் தேதி சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்தது, 12-ஆம் தேதி நம் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார், 23-இல் திரைப்பட இயக்குநர் ஷியாம் பெனகல், 26-இல் மன்மோகன் சிங், 29-இல் ஜிம்மி கார்ட்டர் என்று வரிசையாகப் போனார்கள், அதே 29-ஆம் தேதி தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் விமானம் நொறுங்கி 179 பேர் இறந்து இரண்டு பேர் மட்டும் பிழைத்தார்கள். இவ்வளவும் ஒரே மாதத்தில். இதற்கு நடுவே ஜனவரி 25 அன்று இலங்கையில் கண்மூடிய பாடகி பவதாரிணியையோ, புத்தாண்டு அன்றே ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தைக் குலுக்கிய நிலநடுக்கத்தையோ யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நோட்டில் இருந்தால்தான் இருக்கும்.

அப்புறம், செய்தி வந்த அன்றே பேனாவால் எழுதாதீர்கள். பென்சிலால் குறித்துவிட்டு, குறைந்தது ஒரு ராத்திரி பொறுங்கள். தபலா மேதை ஜாகிர் உசேன் விஷயத்தில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? டிசம்பர் 15 ஞாயிறு இரவு இந்தியா முழுக்க அவர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது, பெரிய மனிதர்கள் எல்லாம் இரங்கல் போட்டார்கள், அவர் உயிரோடுதான் இருக்கிறார், பிரார்த்தனை செய்யுங்கள் என்று உறவினர்கள் சொல்ல வேண்டி வந்தது, மறுநாள் காலையில்தான் குடும்பமே மரணத்தை உறுதி செய்தது. மருத்துவமனையில் ஒருவர் மூச்சுக்குப் போராடும்போது அவர் வீட்டார் காதில் அந்தப் பேச்சு விழுவது எவ்வளவு கொடுமை. நம் நோட்டை யாரும் பார்க்கப் போவதில்லைதான், ஆனாலும் அந்தப் பழக்கம் நம்மிடம் இருக்கக் கூடாது.

எண்களுக்கும் இதே பொறுமை வேண்டும். மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று செய்தி வந்தது, எல்லோரும் பகிர்ந்தார்கள், வெயிலில் வெந்துகொண்டிருந்த எங்களுக்கு அதை நம்புவதில் சிரமமே இல்லை. பிறகு வானிலைத் துறை சோதித்துப் பார்த்து, அந்தக் கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று சொன்னது. விபத்து, வெள்ளம், நிலச்சரிவு எதுவானாலும் முதல் நாள் எண்ணிக்கை வேறு, பத்து நாள் கழித்து வரும் எண்ணிக்கை வேறு. ஜூலை 30 விடியற்காலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் மலை சரிந்தபோது எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. அப்படிப்பட்ட இடங்களில் எண்ணுக்குப் பக்கத்தில் அது எந்தத் தேதிக் கணக்கு என்றும் எழுதிவிடுங்கள்.

தேதியில் ஒரு சிக்கல் உண்டு. ஜாகிர் உசேன் இறந்தது சான் பிரான்சிஸ்கோவில், அங்கே 15-ஆம் தேதி, நம் கடிகாரத்தில் 16. ஜூலையில் பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப்பைச் சுட்டது அங்கே 13-ஆம் தேதி மாலை, நாம் கேள்விப்பட்டது 14 விடியற்காலை. எது நடந்ததோ அந்த ஊர்த் தேதியே தேதி என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் குழம்புவீர்கள். வருட எல்லையிலும் கவனம் தேவை. விஜயகாந்த் மறைந்தது 2023 டிசம்பர் 28. ஊருக்குப் போய்வந்தவர்கள் ஜனவரி முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்ததால் நான் அதை 2024 பக்கத்தில் எழுதிவிட்டேன், வாசித்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா “தம்பி, அது புது வருஷத்துக்கு முன்னாடி” என்று திருத்தினார். அன்றிலிருந்து டிசம்பர் 20 முதல் ஜனவரி 10 வரை வரும் எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறேன்.

இனி முக்கியமான விஷயம், இறந்தவர்களைப் பற்றி என்ன எழுதுவது. விருதுப் பட்டியல் வேண்டாம். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார் என்று யோசித்து, அவர்கள் வாழ்க்கையைத் தொடும் ஒரு வரியைத் தேடுங்கள். நவம்பர் 9 இரவு டெல்லி கணேஷ் காலமானார். எத்தனையோ படங்களைச் சொல்லலாம், ஆனால் தில்லித் தமிழர்களுக்கு நான் எழுதியது, அவர் விமானப்படையில் வேலை பார்த்த இளைஞனாக இங்கே வந்து, தட்சிண பாரத நாடக சபாவில் நடித்து, அந்த ஊர்ப் பெயரைக் கடைசி வரை தன் பெயரோடு சுமந்தார் என்பதை. வாசித்தபோது எழுபது வயதைத் தாண்டிய ஒரு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆகஸ்ட் 3 அன்று தில்லியில் யாமினி கிருஷ்ணமூர்த்தி இறந்தார். மதனப்பள்ளியில் பிறந்து, சிதம்பரத்தில் வளர்ந்து, கலாக்ஷேத்ராவில் கற்று, ஹௌஸ் காஸில் எத்தனையோ பெண்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர். செப்டம்பர் 12 அன்று எய்ம்ஸில் மார்க்சிஸ்ட் தலைவர் சீதாராம் யெச்சூரி இறந்தார், அவர் பிறந்தது சென்னையில், உடலை அதே எய்ம்ஸ் மாணவர்களின் படிப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். மன்மோகன் சிங் பற்றி 1991-உம் பொருளாதாரமும் எல்லா இடத்திலும் வரும். தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்ட 2004 அக்டோபரில் அவர்தான் பிரதமர் என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

பெயர் தெரியாதவர்களை விட்டுவிடாதீர்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப்பில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் எரிந்தது. 45 இந்தியர்களின் உடல்களோடு விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியது, அதில் 7 பேர் தமிழர்கள், மீதி உடல்களோடு அதே விமானம் தில்லிக்கு வந்தது. அதே மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஜூலை 2 ஹாத்ரஸ் நெரிசலில் 121 பேர். ஜூலை 27 பழைய ராஜிந்தர் நகரில் மழைத் தண்ணீர் புகுந்த பயிற்சி மையத்தின் நிலவறையில் மூன்று பிள்ளைகள், ஐ.ஏ.எஸ். கனவோடு தில்லிக்கு வந்தவர்கள். நம் ஊரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் அந்தத் தெருக்களில்தான் அறை எடுத்துப் படிக்கிறார்கள். இந்த வரிகள் இல்லாத பட்டியலை நான் வாசிக்க மாட்டேன்.

ஒரு தேதிக்குள் அடங்காதவற்றுக்குத் தனிப் பக்கம் வையுங்கள். காசா, உக்ரைன், சூடான், மூன்று போரும் 2024 முழுக்க நடந்தன. ஒரு நாள் தாக்குதலை மட்டும் குறித்தால் மற்ற நாட்களில் அமைதி இருந்ததுபோல் ஆகிவிடும்.

நல்ல செய்திகளையும் மரணங்களையும் தனித்தனிப் பட்டியலாகப் பிரிக்க வேண்டாம், நாள்காட்டி வரிசையிலேயே விடுங்கள். அப்படி விட்டால்தான் சில விஷயங்கள் கண்ணில் படும். பிப்ரவரி 4 அன்று ஒரே இரவில் மூன்று கிராமி விருது வாங்கினார் ஜாகிர் உசேன், அதில் ஒன்று சக்தி குழுவுக்கு, கஞ்சிராவோடு நம் செல்வகணேஷும் அந்தக் குழுவில். அந்த வரியை வாசித்த பிறகு டிசம்பருக்கு வரும்போது கேட்பவர்களுக்கு அது வேறு மாதிரி விழும். பாரிஸ் பாராலிம்பிக்கில் நம் துளசிமதி, மனிஷா இருவரும் பாட்மிண்டனில் ஒரே போட்டியில் வெள்ளியும் வெண்கலமும் வாங்கியதை நிறுத்தி வாசியுங்கள், பிள்ளைகள் கை தட்டட்டும்.

வாசிப்பு பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், அதற்கு மேல் குழந்தைகள் எழுந்து ஓடுவார்கள். வெளிநாட்டுப் பெயர்களை முந்தின நாளே நாலு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

நோட்டின் கடைசி இரண்டு பக்கத்தைக் காலியாக விடுங்கள். டிசம்பர் 31 அன்று கணக்கு முடிவதில்லை. எட்டு நாள் பயணமாக ஜூனில் விண்வெளிக்குப் போன சுனிதா வில்லியம்ஸ் 2024 முடியும்போது திரும்பியிருக்கவில்லை, 2025 மார்ச்சில்தான் வந்தார். தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடான முதல் ஆண்டு 2024 என்ற அறிவிப்பு 2025 ஜனவரி 10 அன்றுதான் வந்தது, எங்கள் கூட்டத்துக்குச் சில நாள் முன்பு. காலிப் பக்கம் இருந்ததால் அதில் எழுதி, கடைசி வரியாக வாசித்தேன்.