இன்யோவின் பழைய வண்டித்தடங்கள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது இன்யோ கவுன்ட்டி. இடம் பெரிது, ஆட்கள் கொஞ்சம். டெத் வேலியின் பெரும்பகுதி இதற்குள்தான் வருகிறது. இந்தப் பக்கத்துப் பழைய போக்குவரத்து என்றதும் எல்லோரும் எடுத்துப் போடும் படம் 'இருபது கோவேறு கழுதை வண்டி'. தவறும் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

வழக்கமாகப் பூட்டியது 18 கோவேறு கழுதைகளும் 2 குதிரைகளும். குதிரைகள் வண்டியை ஒட்டிய கடைசி ஜோடி. எடை 36 டன் என்று எழுதுவார்கள். அது 2,000 பவுண்டை ஒரு டன்னாக எண்ணும் அமெரிக்கக் கணக்கு. நம் கணக்கில் 33 டன்தான். வெங்காரம், அதாவது போராக்ஸ், ஏற்றிய இரண்டு வண்டிகளும் பின்னால் 1,200 கேலன் தண்ணீர்த் தொட்டியும் சேர்த்த எடை இது. அப்புறம், இந்த வண்டிகள் காலம் காலமாக ஓடியதாக ஒரு நினைப்பு உண்டு. டெத் வேலியில் இருந்த ஹார்மனி வெங்கார ஆலையிலிருந்து அவை ஓடியது 1883 முதல் சுமார் ஆறே ஆண்டுகள். அதிலும் கோடையில் ஓட்டம் கிடையாது, அந்த வெயிலில் ஆலையில் வெங்காரம் படிகமாகாது. பின்னாளில் வெங்கார டப்பாவில் அச்சடித்த படம்தான் வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

ஓட்டுபவர் கையில் இருபது கடிவாளங்களைக் கொடுத்து வரைகிறவர்களும் உண்டு. உண்மையில் இருந்தது ஒரே ஒரு கயிறு. 100 அடிக்கு மேல் நீண்டு முன்னணிக் கழுதை வரை போகும். நிதானமாக இழுத்தால் இடப்பக்கம், வெட்டி வெட்டி இழுத்தால் வலப்பக்கம். மலை வளைவில்தான் வேடிக்கை. முன்னே போகும் ஜோடிகள் திரும்பியதும், நடுவில் ஓடும் நீளச் சங்கிலி உள்பக்கமாக இழுபடும். விட்டால் வண்டி பாதையை விட்டு விளிம்புக்குப் போய்விடும். அதனால் வண்டிக்குப் பக்கத்து ஜோடிகள் சங்கிலியைத் தாண்டிக் குதித்து, வளைவுக்கு வெளிப்பக்கமாகச் சாய்ந்து நடந்து இழுக்கும். பழக்கப்படுத்தியது மனிதன் என்றாலும், என் கணக்கில் அந்தத் தடத்தின் பொறியாளர்கள் கழுதைகள்தான்.

பெரிய தவறு, இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அன்றைய வழியை அளப்பது. நானும் அதைச் செய்தேன். ஹார்மனியிலிருந்து வெங்காரம் போனது 165 மைல் தள்ளியிருந்த மொஹாவி ரயிலடிக்கு, பத்து நாள் பயணம். அதே 1883-இல்தான் இன்யோவுக்குள்ளேயே, ஓவன்ஸ் ஏரிக்கரையில் இருக்கும் கீலருக்கு ரயில் வந்தது. வரைபடத்தில் கீலர்தான் பக்கம். ஏன் அங்கே போகவில்லை? குறுக்கே பானமின்ட் மலைத்தொடர் நிற்கிறது, 3,300 மீட்டர் தாண்டிய சிகரத்தோடு. மலையை ஏறி இறங்கினாலும் அந்த ரயில் போவது வடக்கே, நெவாடாவுக்கு. அதுவும் மூன்றடி அகலத் தண்டவாளம், மீட்டர் கேஜை விடவும் குறுகல். மறுமுனையில் சரக்கை இறக்கி வேறு ரயிலில் ஏற்ற வேண்டும். தண்டவாளத்தை முந்நூறு மைல் அதிகமாகப் போட்டுவிட்டோம், இல்லையென்றால் முந்நூறு வருஷம் முன்னதாகப் போட்டுவிட்டோம் என்று கீலர் ரயிலின் முதலாளி டேரியஸ் மில்ஸ் சொன்னதாகச் சொல்வார்கள். ஆனாலும் அந்தக் குட்டி ரயிலின் ஒரு பகுதி 1960 வரை ஓடியது.

கீலருக்கு இன்று போனால் எதிரே வெளுத்துக் கிடக்கும் தரையைப் பார்த்து, இங்கே எல்லாமே பாலைவன வண்டிப்பாதைதான் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அந்தத் தரையில் நீராவிக் கப்பல் ஓடியது. கீலருக்கு மேலே மலையில் இருந்த செர்ரோ கோர்டோ சுரங்கத்து வெள்ளி-ஈயக் கட்டிகளை 1872 முதல் 'பெஸ்ஸி பிரேடி' ஏற்றிக்கொண்டு ஏரியைக் கடந்தது. கப்பல் இறக்கிய வேகத்துக்கு லாஸ் ஏஞ்சலஸ் போகும் வண்டிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. தென்கரையில் கட்டிகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அவற்றையே செங்கல்போல அடுக்கிக் குடிசை போட்டுத் தங்கினார்கள். 1873-இல் சரக்கு வண்டிகள் நடத்திய ரெமி நாடோ வண்டிகளைக் கூட்டி, வழி நெடுக ஒரு நாள் தூரத்துக்கு ஒரு தங்குமிடம் வைத்த பிறகுதான் குவியல் கரைந்தது. 1913-இல் லாஸ் ஏஞ்சலஸ் கால்வாய் ஏரிக்கு வந்த ஆற்றுநீரைத் திருப்பியது, ஏரி வற்றியது.

வழியைத் 'திறந்தவர்கள்' என்று வெள்ளைக்காரக் குடியேறிகளை எழுதுவதையும் விட்டுவிடலாம். பூர்வகுடிகளான பையூட், ஷோஷோனி மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே மேற்கே இருக்கும் சியரா நெவாடா மலையின் கணவாய்களைக் கால்நடையாகக் கடந்து, அப்சிடியன் என்ற கண்ணாடிக்கல்லையும் உப்பையும் மறுபக்கம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் துருப்பிடித்து நிற்கும் நீராவி இழுவை எஞ்சின் 'ஓல்ட் டைனா'வைப் பார்த்துவிட்டு, கழுதைகளை ஓரங்கட்டியது இதுதான் என்று சொல்லிவிடாதீர்கள். 1894-இல் அதை வாங்கியது பக்கத்துக் கவுன்ட்டியில் போரேட் என்ற ஊரில் இருந்த வெங்காரச் சுரங்கத்துக்கு. அங்கே அது மணலில் புதைந்து, மக்கர் பண்ணியே பேர் வாங்கியது. வேலை திரும்பவும் கழுதைகளிடமே வந்தது, 1898-இல் ரயில் வரும்வரை.