லேயில் ஜனவரி: கையுறைக்கு முன்னால் சில விஷயங்கள்

அக்கா மகன் ஜனவரியில் லடாக்கில் இருக்கிற லே போகிறானாம். உறைந்த சன்ஸ்கார் ஆற்றின் மேல் நடக்க ஆசை. "மாமா, நல்ல கையுறை எது?" என்று கேட்டான். நான் ராணுவத்தில் இருந்தபோது கார்கில் பக்கத்துத் திராஸில் இரண்டு குளிர்காலம் பார்த்தவன். அதற்கு முன் எனக்குத் தெரிந்த குளிர் வேலூர் மார்கழிதான். அவனுக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

கையுறை இருக்கட்டும். மைனஸ் 20-இல் உடம்புக்கு ஒரே கவலை, இதயமும் மூளையும் 37 டிகிரியை விட்டு இறங்கக் கூடாது என்பது. அதற்காக விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். கையுறைக்குச் சொந்தச் சூடு கிடையாது. ரத்தம் கொண்டுவரும் சூட்டைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் எவ்வளவு விலைக்கு வாங்கியதானாலும் விரல் விறைக்கும்.

அதனால் உடம்பை மூடு, ஆனால் வியர்க்க விடாதே. முதல் வாரம் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு மண்ணெண்ணெய் கேன் தூக்கினேன். உள்ளே பழக்கதோஷத்தில் பருத்திப் பனியன். காவலுக்கு வந்து நின்ற பத்தாவது நிமிடம் அது ஈரத்துணியாக முதுகில் ஒட்டியது, பல் தந்தியடித்தது. தோலை ஒட்டிக் கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல் போடு. நடக்க ஆரம்பிக்கும்போது லேசாகக் குளிரட்டும். ஏற்றத்தில் ஒரு அடுக்கைக் கழற்று, நின்றதும் போட்டுக்கொள். பூட்ஸுக்குள் காலுறையைத் திணிக்காதே; கால்விரல் அசைய வேண்டும்.

அடிக்கடி சிறுநீர் வரும். தோலிலிருந்து உள்ளே ஒதுங்கிய ரத்தத்தைப் பார்த்துச் சிறுநீரகம் தண்ணீர் அதிகமாகிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். ராத்திரி வெளியே போகச் சோம்பல்பட்டுத் தண்ணீரைக் குறைத்தவர்கள் எங்களில் பலர். அந்தத் தப்பைச் செய்யாதே. லே 3,500 மீட்டர் உயரம் வேறு. உடம்பு உயரத்துக்குப் பழக முதல் இரண்டு மூன்று நாள் சும்மா கிட.

வெளியே போனால் ஜோடியாகப் போ. உன் மூக்கு உனக்குத் தெரியாது. காது, மூக்கு நுனி, கன்னம் வெளுக்கிறதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். வலித்துக்கொண்டிருந்த விரல் திடீரென்று வலிக்காமல் போனால் அதுதான் பயப்பட வேண்டிய நேரம். அக்குளில் வை. தேய்க்காதே, பனியை வைக்காதே, புகாரி அடுப்புக்கு முன் நீட்டாதே; மரத்த தோல் வெந்தாலும் தெரியாது. கட்டையாக இறுகிவிட்டால் 37 முதல் 39 டிகிரி வெந்நீர், அப்புறம் ஆஸ்பத்திரி. ஆனால் திரும்ப உறைய வாய்ப்பு இருந்தால் இளக்கவே வேண்டாம். இளகி மறுபடி உறைந்த விரல் இன்னும் மோசமாகிவிடும்.

நடுங்கினால் நல்லது; உடம்பு சூடு உண்டாக்குகிறது. உள்வெப்பம் 35-க்குக் கீழே போனால் கை தடுமாறும், பேச்சு குழறும். இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும். அப்போது கூட வந்தவன் "சரியாயிடுச்சு" என்பான், நம்பாதே. ஈரத்தைக் கழற்றி, தூக்கப் பைக்குள் விட்டு, அதிகம் உலுக்காமல் கீழே கொண்டுபோக வேண்டும். விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட சூடான டீ. ரம் கூடாது, தோலின் குழாய்களைத் திறந்து, இருக்கிற சூட்டையும் வெளியே விடும்.

கையுறைக்கு வருகிறேன். நான்கு விரலும் ஒரே பைக்குள் இருக்கிற மாதிரி வாங்கு, உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை. இரண்டையும் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள். சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும்தான். போட்டோ எடுக்கக் கழற்றியதைக் காற்று ஆற்றின் மேல் உருட்டிக்கொண்டு போனால் ஓடிப் பிடிக்க முடியாது.